லியோனா பீலின் முன்னுரைக்காரர்

ரஸ்ஸல் வின்ஷிப் இறந்தபோது அவரைப் பற்றி இரண்டு வார்த்தை பேச ஆள் கிடைக்கவில்லை. பாதிரியார் பொதுவாக மனிதர்களைப் பற்றிப் பேசினார். நூலகர் டாட்டி பிங்கம் எழுந்து, கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை மடித்து வைக்காமல் அவர் வீட்டுக்குப் போனதே இல்லை என்றாள். அது உண்மையல்ல. மடித்தது எப்போதும் டாட்டிதான். ஆனால் சாவு வீட்டில் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

வாழ்நாள் முழுக்கப் பிறரைப் பற்றிப் பேசிய மனிதர் அவர். ஸ்டிம்சன் துறை என்ற எங்கள் ஊரின் நூலகக் கீழ்த்தளத்தில் ஒவ்வொரு ஆகஸ்டிலும் கவிதை வாசிப்பு நடக்கும். கவிஞர் யாராக இருந்தாலும் முதலில் எழுபவர் வின்ஷிப். கண்ணாடியைக் கழற்றுவார், துடைப்பார், மாட்டுவார், மறுபடி கழற்றுவார். அனுபவசாலிகள் இந்த இடைவெளியில் எழுந்து கழிப்பறைக்குப் போய்விடுவார்கள். அவர்கள் திரும்பி வரும்போது கவிஞர் இன்னும் பிறந்திருக்கமாட்டார். கவிஞரின் தாத்தா எந்த நாட்டிலிருந்து கப்பல் ஏறினார் என்பதில் பேச்சு நின்றிருக்கும்.

அவர் கவிதை எழுதியதில்லை. மோசமான கவிதைகூட எழுதியதில்லை. அதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். மாசசூசெட்ஸிலிருந்து, வொர்செஸ்டர் என்ற ஊரிலிருந்து, இளைஞராக இங்கே வந்தவர். வகுப்பில் இருந்தவர்கள் எல்லாம் சிங்கி இறால் பிடிப்பவர்களின் பிள்ளைகள். அவர் உரக்கப் படிப்பார். அவர்கள் ஜன்னல் வழியே நீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு தரப்புக்கும் ஒருவர்மீது ஒருவருக்குப் புகார் இல்லை.

எங்கள் மெய்ன் மாநிலக் கடற்கரையில் பிறக்காதவன் கடைசிவரை வெளியூர்க்காரன்தான். தலை நரைத்த பிறகு ஒருமுறை அவர் தபால் நிலையத்தில், "இனிமே நானும் இந்த ஊர்க்காரன்தானே" என்று சொல்லிப் பார்த்தார்.

"சிங்கி பிடிக்கிற கூண்டுக்குள்ள நண்டும்தான் வருது கண்ணு" என்றாள் டாட்டி. "அதுக்காக அதைச் சிங்கின்னா சொல்றோம்?"

அவர் சிரித்தார். தன்னைக் கேலி செய்தார்கள் என்றால் தன்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று அர்த்தம் என நம்புகிற ரகம்.

லியோனா பீல் இந்த ஊரில் பிறந்தவள். மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில், அது மூடப்படும்வரை வேலை பார்த்தாள். கத்தரிக்கோலால் தலையை வெட்டி, வாலை வெட்டி, டப்பாவில் அடுக்குவது வேலை. விரல்களில் துணிப்பட்டை சுற்றியிருக்கும். இயந்திரச் சத்தத்தில் பக்கத்திலிருப்பவளோடு பேச முடியாது. அதனால் மனதுக்குள் வரிகளை அடுக்கினாள். "உங்க கவிதையெல்லாம் ஏன் இவ்வளவு சின்னதா இருக்கு" என்று பாங்கர் நகரத்திலிருந்து வந்த ஒரு பத்திரிகைக்காரன் கேட்டதற்கு, "கை ஈரமா இருக்கும், காகிதம் நனையறதுக்குள்ள முடிச்சாகணும்" என்றாள். அது பொய்யாக இருக்கலாம். பேட்டி என்று வந்துவிட்டால் லியோனா உண்மை பேசமாட்டாள்.

அவளுடைய கவிதைகளுக்கு யாரையும் பிடிக்காது. கடல் அவற்றில் ஒருமுறைகூட அழகாக இருந்ததில்லை. சூரியன் எழுவதும் இல்லை, விழுவதும் இல்லை. இது ஒன்று:

பலகைமேல் மீன்கள்.
ஒன்றின் தலை ஒன்றின் வாலருகே.
நெருக்கமாக, அளவாக.
நாங்கள் ஒருநாளும்
இப்படிப் படுத்ததில்லை.

துக்க வீட்டுக்குச் சமைத்து எடுத்துப்போகும் எங்கள் வழக்கத்தைப் பற்றி இன்னொன்று:

செத்தவன் வீட்டுக்கு
ஆறு பாத்திரம் வந்தது.
ஆறிலும் அதே மக்ரோனி.
துக்கத்தையும்
ஒரே கடையில் வாங்குகிறார்கள்.

இது வெளிவந்த வருஷம் தேவாலயத்துப் பெண்கள் அவளோடு பேசவில்லை. யாரோ அவர்களுக்குப் படித்துச் சொல்லியிருக்கவேண்டும். அவர்களாகப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஊரில் அவளுடைய புத்தகம் இல்லாத வீடு கிடையாது. நூலக நிதிக்காக டாட்டி எல்லோர் தலையிலும் கட்டியிருந்தாள். முதுகு மடியாத புத்தகங்கள். ஜன்னல் சட்டம் விழாமல் இருக்க ஒரு வீட்டில் முட்டுக்கொடுத்திருந்தார்கள். அளவு சரியாக இருந்தது.

அவளுக்குக் கணவன் இருந்தான். எல்வின். இந்த வளைகுடாவில் கல்லெறிந்தால் ஒரு பீல்மேல்தான் விழும். அவனும் ஒரு பீல், கூண்டு போட்டுச் சிங்கி பிடிப்பவன். ஒரு அக்டோபர் மதியம் துடுப்புப் படகைக் கரைக்குக் கொண்டுவந்தான். கட்டினான். மேட்டில் ஏறினான். அங்கே எதிர்க்கரையில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் கெயில் காரோடு நின்றிருந்தாள். ஏறிப் போய்விட்டான். அவ்வளவுதான் கதை. ஊர் முழுக்க இரண்டு வாரம் பேசியது. பிறகு முதல் பனி விழுந்தது, பேச வேறு விஷயம் வந்தது.

அந்தக் குளிர்காலத்தில் லியோனா எழுதியது:

படகு திரும்பி வந்தது.
கயிறு கட்டியிருந்தது.
மழைக்குப் பின் குறுக்குப்பலகையில்
ஒருவன் உட்கார்ந்த அளவுக்கு மட்டும்
காய்ந்திருந்தது.

வின்ஷிப் இதைப் படித்தார். மாசசூசெட்ஸ்காரர் ஒருவர் கடல், படகு, காலியான பலகை என்று படித்தால் என்ன நினைப்பாரோ அதை நினைத்தார். அந்த ஆகஸ்டில் லியோனாவை அறிமுகப்படுத்தும்போது "கடலிடம் ஒருவரை இழந்தவர்" என்றார். கூட்டம் இருமியது. அடுத்த ஆகஸ்டில் "கடல் கொண்ட கணவன்" என்றார். அதற்கடுத்த ஆண்டுகளில் சடலம் கிடைக்காமல் போயிற்று, புயல் ஒன்று வந்து சேர்ந்தது, கரையில் லாந்தரோடு ஒரு பெண் நின்றாள். கட்டியிருந்த கயிற்றைத் தாயையும் சேயையும் இணைக்கும் கொடி என்று விளக்கினார். அதற்கு மட்டும் கால் மணி நேரம்.

யாரும் ஏன் திருத்தவில்லை என்றால், எங்கள் ஊரில் அடுத்தவர் தாம்பத்தியத்தைப் பற்றி வெளியூர்க்காரரிடம் வாய் திறப்பதில்லை. அது ஒழுக்கம் என்று நாங்களே சொல்லிக்கொள்வோம். அவர் ஒவ்வொரு ஆண்டும் எல்வினை இன்னும் கொஞ்சம் ஆழத்தில் மூழ்கடிப்பதைக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. வாசிப்பு நாளில் வேறு வேடிக்கையும் கிடையாது.

அவர் கண்ணைத் திறந்திருந்தால் போதும். சிங்கி பிடிக்கும் ஒவ்வொருவனுக்கும், கடலடியில் போட்ட கூண்டை அடையாளம் காட்டும் மிதவையில் பூச ஒரு நிறம் உண்டு. எல்வினுடையது மஞ்சள், நடுவில் கறுப்பு வளையம். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கும் அது தெரியும். ஒருவன் இறந்தால் அவன் கூண்டுகளைத் தூக்கிவிடுவார்கள். அந்த நிறத்தை வேறு யாரும் பல வருஷங்களுக்குத் தொடமாட்டார்கள். எல்வினின் மஞ்சள் மிதவைகள் வின்ஷிப்பின் வகுப்பு ஜன்னலுக்கு நேர் எதிரே தினமும் ஆடிக்கொண்டிருந்தன. லியோனாவின் கவிதை ஒன்றில் மஞ்சள் வரும். "நித்தியத்தின் நிறம்" என்று அவர் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். பின்வரிசையில் எல்வினின் அண்ணன் மகன் உட்கார்ந்திருந்தான். குறித்துக்கொண்டான். தேர்வில் எழுதினான். மதிப்பெண்ணும் வாங்கினான்.

இதைவிட மோசம், எல்வினை அவருக்குத் தெரியும். ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின விருந்துக்குச் சிங்கி வாங்க எதிர்க்கரைக்குப் போவார். பேரம் பேசுவார். "எல்வின், இது சின்னதா இருக்கே" என்பார். அவனுடைய குடும்பப் பெயரைக் கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியதில்லை.

லியோனாவுக்கு முடி முழுதாக நரைத்த பிறகு நியூயார்க்கில் ஒரு பதிப்பகம் விழித்துக்கொண்டது. நயோமி ஸ்ட்ராஸ் என்ற பதிப்பாசிரியர் அவளைத் தொலைபேசியில் அழைத்தாள். இதுவரை எழுதியது அனைத்தும் ஒரே தொகுப்பாக வரும், முன்னுரை ஒன்று வேண்டும், யாராவது பெரியவரிடம் கேட்கலாம் என்றாள். லியோனா ஒரே பெயரைச் சொன்னாள். நயோமி அதைத் திரும்பச் சொல்லச் சொன்னாள்.

டாட்டி அன்று மாலையே லியோனாவின் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள்.

"பைத்தியமா உனக்கு? நியூயார்க்ல எவ்வளவு பெரிய ஆளுங்க இருக்காங்க."

"பெரிய ஆளுங்க என்னைப் பத்தி எழுதமாட்டாங்க டாட்டி. அவங்களைப் பத்தி எழுதுவாங்க."

"இவரு மட்டும் உன்னைப் பத்தியா எழுதப்போறாரு?"

"இல்ல. அதான் வேணும்."

டாட்டிக்குப் புரியவில்லை. தலையாட்டிவிட்டு ஒரு துண்டு கேக் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

நயோமி வாக்குக் கொடுக்கவில்லை. முன்னுரையை எழுதட்டும், ஆகஸ்ட் வாசிப்பில் அதையே அறிமுக உரையாகப் படிக்கட்டும், நேரில் வந்து கேட்டுவிட்டு முடிவு சொல்கிறேன் என்றாள். அவ்வளவு போதுமாக இருந்தது வின்ஷிப்புக்கு. ஓய்வு பெற்றிருந்தார். கல்யாணம் செய்துகொண்டதில்லை. அந்தப் புத்தகத்தில் தன் பெயர் வரவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. நூலகத்தில் புத்தகங்களை எடுத்து, முன்னுரை எழுதியவர் பெயர் எந்த அளவு எழுத்தில் இருக்கிறது என்று பார்ப்பார். விரலை வைத்து அளப்பார். பார்க்கச் சங்கடமாக இருக்கும்.

தபால் நிலையத்தில் வரிசையில் நிற்கிற எல்லோரிடமும் சொன்னார்.

"அட்டைல வராது. உள்ள வரும். உள்ள முதல் பக்கத்துல."

"டப்பாக்குள்ள மத்தி மாதிரியா சார்?" என்றான் அவரிடம் படித்த ஒருவன்.

"அதே மாதிரிதான்" என்றார் அவர் சந்தோஷமாக.

இலையுதிர்காலம் முழுக்க எழுதினார். பனிக்காலம் முழுக்க எழுதினார். சாலையில் பனி வாரும் வண்டிக்காரன், விடியும் முன்பே அவர் வீட்டில் விளக்கு எரிவதைப் பார்த்ததாகச் சொன்னான். இதை உழைப்பு என்று சொல்லத்தான் வேண்டும். தண்ணீர் இல்லாத இடத்தில் கிணறு தோண்டுவதும் உழைப்புதான்.

ஆகஸ்டில் வாசிப்புக்கு முன் பீன்ஸ் விருந்து நடக்கும், பழம் அடைத்துச் சுட்ட 'பை'யும் உண்டு. அந்த வருஷம் நியூயார்க் விருந்தாளி வருவதால் சிங்கியும் போடலாம் என்று டாட்டி முடிவு செய்தாள். வழக்கமாகக் கொடுப்பவனின் படகு இயந்திரம் அன்று பார்த்துக் கெட்டுப்போனது. வேறு வழியில்லாமல் எதிர்க்கரைக்குத் தொலைபேசி போட்டாள்.

"பின்கதவு வழியா வா எல்வின். இறக்கி வெச்சுட்டுப் பின்கதவு வழியாவே போயிடு."

"பை இருக்கா?"

"என்ன பை?"

"புளூபெர்ரி."

"இருக்கு."

"அப்ப இருந்து சாப்பிட்டுட்டே போறேன்."

அவன் பின்சுவர் ஓரமாக, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். லியோனா முன்வரிசையிலிருந்து திரும்பி ஒருமுறை பார்த்தாள். வங்கி வரிசையில் நிற்பவர்களைப் போல இருவரும் தலையசைத்துக்கொண்டார்கள்.

நயோமி ஸ்ட்ராஸ் சிறிய உருவம். அந்தப் புழுக்கத்திலும் கறுப்பு உடை. எதிரே வைத்த சிங்கியை எங்கே உடைப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டாள். வின்ஷிப் புதுக் கோட்டோடு எழுந்தார். படிக்க ஆரம்பித்தார். நீண்ட நேரம் படித்தார். அமெரிக்க மௌனம் என்று ஒன்று வந்தது. பெண் என்னும் தீவு என்று ஒன்று வந்தது. ஒரு குழந்தை அழுதது, அதன் தாய் நன்றியோடு அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். கடைசியில் படகுக்கு வந்தார்.

"அந்த அக்டோபர் நாளில் புயல் எழுந்தது. அவன் போனான். கடல் அவனைத் திருப்பித் தரவில்லை."

"கெயில் தரலை" என்றார் மூன்றாவது வரிசையில் ஒருவர், தன் மனைவியிடம். மனைவி அவர் தொடையில் கிள்ளினாள்.

"அவன் இப்போது எங்கே இருக்கிறான்? எந்த ஆழத்தில்? எந்த இருளில்?"

பின்சுவர் ஓரத்தில் எல்வின் தட்டை ஜன்னல் திட்டில் வைத்தான். தொப்பியைக் கழற்றினான். செத்தவனுக்கு மரியாதை. வாயில் இருந்த பையை மட்டும் தொடர்ந்து மென்றான். நாங்கள் எல்லோரும் எங்கள் செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நயோமியின் கண் கலங்கியிருந்தது.

லியோனா ஆறு கவிதை படித்தாள். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். கைதட்டினார்கள். பைக்கு வரிசை நின்றது.

வின்ஷிப்பின் முகம் சிவந்திருந்தது. நயோமி அவர் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, காலையில் விடுதிக்குச் சிற்றுண்டிக்கு வாருங்கள் என்று சொல்லியிருந்தாள். அவர் மேசையருகே காகிதத் தட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது எல்வின் பக்கத்தில் வந்தான்.

"நல்லாப் பேசினீங்க சார்."

"ஓ, எல்வின். நீங்களா? கவிதை கேக்க வருவீங்கன்னு எனக்குத் தெரியாதே."

"சிங்கி இறக்க வந்தேன். அப்படியே இருந்துட்டேன். அந்தப் புயல்னு சொன்னீங்களே, அது என்னைக்கு?"

"அக்டோபர்ல. அவங்க கணவர் போன அன்னைக்கு."

"அன்னைக்குக் காத்தே இல்ல சார். காலைல தூறினதோட சரி. தண்ணி தட்டு மாதிரி கெடந்துச்சு."

"உங்களுக்கு அவரைத் தெரியுமா?" வின்ஷிப் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.

"கொஞ்சம் தெரியும்."

டாட்டி பாய்ந்து வந்து அவன் முழங்கையைப் பிடித்தாள். "எல்வின், வீட்ல கெயில் காத்துட்டு இருப்பா."

"இரு டாட்டி. மனுஷன் இவ்வளவு நல்ல வார்த்தை சொல்லியிருக்காரு. கெயில்கூட இப்படிச் சொன்னதில்ல. ஒரு மரியாதைக்காவது கை குடுக்கணும்ல." கையைச் சட்டையில் துடைத்துவிட்டு நீட்டினான். "எல்வின் பீல், சார்."

"பீல்னு இங்க நிறையப் பேர் இருக்காங்க" என்றார் வின்ஷிப். குரல் இறங்கியிருந்தது.

"ஆமா சார், நிறைய. லியோனாவைக் கட்டினது நான் ஒருத்தன்தான்."

வின்ஷிப் அந்தக் கையைப் பிடித்தார். விட மறந்துவிட்டார். எல்வின்தான் மெல்ல உருவிக்கொள்ள வேண்டியிருந்தது.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. லியோனா தன் காரின் கதவைத் திறந்து, சூடு வெளியேறட்டும் என்று நின்றிருந்தாள். வின்ஷிப் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். டாட்டி குப்பைப் பையோடு நூலகப் படியில் நின்றாள். குப்பையைப் போட அவ்வளவு நேரம் தேவையில்லை. ஆனால் அதனால்தான் எங்களுக்கு இது தெரியும்.

"நீங்க எங்கிட்ட சொல்லியிருக்கணும்."

"எதை?"

"அவர் உயிரோட இருக்கார்னு."

"அது எனக்கே ஒண்ணும் நல்ல செய்தி இல்ல. அதை எதுக்கு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியணும்?"

"கவிதைல படகு காலியா வருதே."

"கயிறு கட்டியிருந்துச்சுன்னு எழுதியிருக்கேன் வின்ஷிப். ரெண்டாவது வரி. முங்கிச் செத்தவன் வந்து கட்டிட்டா போவான்?"

அவர் கோட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். தாய்-சேய் கொடி நினைவுக்கு வந்திருக்கவேண்டும்.

"நாளைக்கு நயோமிகிட்ட உண்மையைச் சொல்லிடறேன்" என்றார் பிறகு. "அந்தப் பகுதியை மாத்தி எழுதறேன்."

"சொல்லுங்க. மாத்தினீங்கன்னா புத்தகத்துல போட நான் ஒத்துக்கமாட்டேன்."

"ஏன்?"

"கட்டினவன் ஓடிப்போனான், இவ கவிதை எழுதினாள்னு எழுதறதுக்கு ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. அதுக்கு நீங்க எதுக்கு? நீங்க எழுதினதுல அவன் செத்தான். நானும் இத்தனை வருஷமா முயற்சி பண்றேன், எனக்கு அவனைக் கொல்ல வரலை. எப்படி எழுதினாலும் கடைசி வரில எழுந்து கார்ல ஏறிப் போயிடறான். நீங்க ஒரே பாராவுல முடிச்சுட்டீங்க."

"ஆனா அது பொய்."

லியோனா காரில் உட்கார்ந்தாள். "உங்க முன்னுரைல அது ஒண்ணுதான் பொய்னு நெனைக்கறீங்களா?" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை விடுதியில் அவர் உண்மையைச் சொல்லத்தான் போனார். அதில் சந்தேகமில்லை. பழைய கோட்டைப் போட்டிருந்தார். சவரம் சரியாகச் செய்யவில்லை. தோசைபோல் கனமாக ஊற்றும் எங்கள் பான்கேக்கை அவருக்கு முன்னால் வைத்தவள், அவர் முள்கரண்டியைத் தொடவே இல்லை என்றாள். மற்றதையும் அவள்தான் சொன்னாள். காலி காபிக் கோப்பைகளை நிரப்புவதில் அன்று மிகுந்த அக்கறை காட்டியிருக்கிறாள்.

நயோமி நேராக விஷயத்துக்கு வந்தாள். "முன்பகுதியை நிறைய வெட்டணும் மிஸ்டர் வின்ஷிப். கப்பல்ல வந்த தாத்தா வேண்டாம். அமெரிக்க மௌனம் வேண்டவே வேண்டாம். ஆனா படகு வர்ற இடம் இருக்கே, அது இல்லாம இந்தப் புத்தகத்தை என்னால கடைக்காரங்களை வாங்க வைக்க முடியாது. கவிதைங்க நல்லா இருக்கு. நல்ல கவிதை ஊருக்கு ஊர் கெடக்கு. இதுல ஒரு விதவை இருக்கா."

"அந்த இடத்தைப் பத்தித்தான் சொல்ல வந்தேன்" என்றார் அவர்.

"சொல்லுங்க." அவள் பென்சிலை எடுத்தாள்.

அவர் மேப்பிள் பாகை ஊற்றினார். தட்டு நிறையும்வரை ஊற்றினார். பரிமாறியவள் காபிக் குவளையோடு அருகிலேயே நின்றாள். அவர் நிமிர்ந்தபோது முகம் அமைதியாக இருந்ததாம்.

"ஒரு திருத்தம் இருக்கு. புயல்னு எழுதியிருக்கேன். அது தப்பு. விசாரிச்சேன். அன்னைக்குக் காத்தே இல்ல. கடல் தட்டு மாதிரி இருந்துச்சு."

நயோமி பென்சிலைக் கீழே வைத்தாள். "கடவுளே" என்றாள் மெதுவாக. "அசையாத கடல்ல. அது இன்னும் பயங்கரமா இருக்கே."

"ஆமா" என்றார் வின்ஷிப். "எனக்கும் அப்படித்தான் பட்டுது."

புத்தகம் வசந்தத்தில் வந்தது. கனமான காகிதம், கடல் படம் போட்ட அட்டை. உள்ளே முதல் பக்கத்தில் அவர் பெயர் இருந்தது, அவர் விரல் வைத்து அளந்தவற்றில் பலவற்றைவிடப் பெரிய எழுத்தில். மதிப்புரை எழுதியவர்கள் கவிதைகளிலிருந்து அதிகம் மேற்கோள் காட்டவில்லை. முன்னுரையிலிருந்து ஒரு வாக்கியத்தைக் காட்டினார்கள்: காற்றில்லாத நாளில், தட்டுப்போல் கிடந்த நீரில், ஒருவன் காணாமல் போனான். பாஸ்டனில் ஒருவர் அதை அந்த ஆண்டின் மிகச் சிறந்த உரைநடை என்றார். அந்த வாக்கியத்தில் பாதி எல்வினுடையது.

கோடையில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் பெண்கள், நல்ல செருப்பு அணிந்தவர்கள். அவன் மூழ்கிய இடம் எது என்று கேட்டார்கள். நாங்கள் கரை முனைக்கு அப்பால் ஒரு பாறையைக் காட்டினோம். முதலில் விளையாட்டுக்குக் காட்டினோம். பிறகு அது அந்த இடமாகவே ஆகிவிட்டது. கனெக்டிகட்டிலிருந்து வந்த ஒரு தம்பதியை எல்வினே தன் படகில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பாறையைச் சுற்றிக் காட்டிவிட்டு வந்தான். அந்த அம்மாள் தண்ணீரில் ஒரு பூவைப் போட்டாளாம்.

"நீ என்ன பண்ணே?" என்று தபால் நிலையத்தில் கேட்டார்கள்.

"தொப்பியைக் கழட்டினேன். வேற என்ன பண்றது?"

"கெயில் என்ன சொன்னா?"

"செத்தவன் பாத்திரம் கழுவக் கூடாதுன்னு எங்கயும் எழுதலைன்னு சொன்னா."

லியோனாவைப் பார்க்கவும் ஆட்கள் போனார்கள். கதவைத் திறந்து, ஆமாம், இல்லை என்ற இரண்டை மட்டும் சொல்லி அனுப்பினாள். அவர்கள் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். பரிசு ஒன்று கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டாள். மூழ்கியது உண்மையா என்று ஒருமுறைகூட அவளை யாரும் நேராகக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியாது.

அடுத்த ஆகஸ்டில் கீழ்த்தளம் கொள்ளவில்லை. படிக்கட்டிலும் நின்றார்கள். சிங்கியை எதிர்க்கரையிலேயே வேகவைத்து, டாட்டியே போய் எடுத்துவந்தாள். எல்வின் அந்த வாரம் முழுக்க முனைக்கு இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று ஊரில் எல்லோரும் சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். அவனும் ஒப்புக்கொண்டான். பை ஒன்று முழுதாக அனுப்பினோம்.

வின்ஷிப் பேசினார். முந்தைய ஆண்டுகளைவிட நீளமாகப் பேசினார். அதுவரை அவர் அந்தக் கதையை நம்பிப் பேசியவர். கேட்கச் சகிக்காது. இந்த முறை அது பொய் என்று தெரிந்து பேசினார். அதனாலோ என்னவோ ஒவ்வொரு சொல்லையும் கவனமாக எடுத்து வைத்தார். எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரிந்திருந்தது. அசையாத நீர் என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார். எல்வினோடு சிறுவயதில் ஒன்றாக மீன் பிடித்தவர்களே தொப்பியைக் கழற்றினார்கள். இவ்வளவு காலம் கழித்து அவருக்குப் பேச வந்துவிட்டது.

லியோனா எழுந்தாள். புதிதாக ஒன்று இருக்கிறது என்றாள். காகிதம் இல்லாமல் சொன்னாள்.

வாசலில் ஒருவன் நிற்கிறான்.
வீட்டைப் பற்றிச் சொல்கிறான்:
எத்தனை அறை, என்ன மரம்,
யார் எங்கே செத்தார்.
உள்ளே அடுப்பு எரிகிறது.
வந்தவர்கள் கேட்டுவிட்டுப்
போகிறார்கள்.

கீழ்த்தளத்தில் உள்ளூர்க்காரர்கள் யாரும் நிமிரவில்லை. முன்வரிசையில் வின்ஷிப்பின் காதுகள் சிவந்தன. வாசலில் நிற்பவன் தான்தான் என்று அவருக்குத் தெரியும் என்பது அதிலிருந்து எங்களுக்குத் தெரிந்தது. ஒரு நிமிஷம் அவர் எழுந்து வெளியே போய்விடுவார் என்று நினைத்தோம். அவர் கைதட்டினார். முதலில் தட்டியது அவர்தான். வெளியூரிலிருந்து வந்தவர்கள் அவரைப் பார்த்துத் தட்டினார்கள்.

மறு ஆண்டு அறிமுக உரையில் அந்தக் கவிதையையும் சேர்த்துக்கொண்டார். வாசலில் நிற்பவன் மரணம் என்று எங்களுக்கு விளக்கினார். லியோனா மறுக்கவில்லை. புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் அந்த விளக்கமும் வந்திருக்கிறது.